முன்னாள் படைவீரர் குடும்பத்துக்கு அரசு வீட்டில் முன்னுரிமை: எங்கே உண்டு, எங்கே இல்லை

இராமநாதபுரம் மாவட்டம் திருப்பாலைக்குடிக்கு அருகிலுள்ள கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய தந்தை மெட்ராஸ் ரெஜிமெண்டில் பதினேழு ஆண்டுகள் பணியாற்றி நாயக்காக ஓய்வு பெற்றவர்; 2021-இல் உடல்நலக் குறைவால் காலமானார். தாயாருக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. தம்பி இந்தியக் கடலோரக் காவல்படையில் பணியில் இருக்கிறார். பாட்டனார் பெயரிலுள்ள நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) இடத்தில், பனையோலை வேய்ந்த வீட்டில் குடும்பம் வசிக்கிறது. ஊராட்சியில் விசாரித்தால், "பென்ஷன் வருகிற வீட்டுக்கு அரசு வீடு கிடையாது" என்கிறார்கள். தந்தையோடு பணியாற்றியவர்களோ, "நமக்கு ஏழு சதவீதம் இருக்கிறது, விடாதே" என்கிறார்கள். இரண்டில் எது சரி என்பதே கேள்வி.

இராணுவத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதன் பிறகு இந்தக் கரையோர ஊர்களின் முன்னாள் வீரர்களுக்கும், அவர்களை இழந்த மனைவியருக்கும் மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இரண்டு பேர் சொல்வதும் சரியே. ஆனால் இருவரும் வெவ்வேறு திட்டங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். ஊராட்சியில் சொல்வது கிராமப்புற வீட்டுத் திட்டத்தைப் பற்றியது. நண்பர்கள் சொல்வது வீட்டுவசதி வாரியத்தின் ஒதுக்கீட்டைப் பற்றியது. ஒன்றின் விதி மற்றொன்றில் செல்லாது. இந்த வேறுபாடு தெரியாமல், தகுதியில்லாத திட்டத்துக்கு ஆண்டுக்கணக்கில் அலைந்துவிட்டு, தகுதியுள்ள திட்டத்தின் கடைசித் தேதியைத் தவறவிட்டவர்கள் நம் பகுதியில் பலர்.

வாரியத்தின் ஒதுக்கீட்டிலிருந்து தொடங்குகிறேன். தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்தது. அது விற்பனைக்குக் கொண்டுவரும் மனைகளிலும் வீடுகளிலும் பாதுகாப்புப் படையினருக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் 7 சதவீதம் தனியாக ஒதுக்கப்படுகிறது. ஆனால் இது இலவச வீடு அன்று. வாரியம் அறிவிக்கும் விலையைத் தவணையாகவோ மொத்தமாகவோ நாம்தான் கட்ட வேண்டும். ஒரு பிரிவுக்குரிய வீடுகளைவிட விண்ணப்பங்கள் அதிகமாக வந்தால் குலுக்கல் நடக்கும். 7 சதவீதம் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நூறு வீடுகள் கொண்ட திட்டத்தில் ஏழு வீடுகள் நம் பிரிவுக்கு வரும். இருபது வீடுகள் கொண்ட சிறு திட்டத்தில் ஒன்று தேறும். நம் மாவட்டத்தில் வாரியத் திட்டங்கள் பெரும்பாலும் சிறியவை. ஆகவே பெயர் கொடுத்தால் வீடு வந்துவிடும் என்று நம்பிக் கடன் வாங்கிவிடக் கூடாது. பொதுப் பிரிவின் பெருங்கூட்டத்தில் நிற்பதைக் காட்டிலும் நம் பிரிவின் சிறு கூட்டத்தில் நிற்பது நல்லது. இந்த ஒதுக்கீடு தரும் நன்மை அவ்வளவுதான்.

ஒதுக்கீடு தகுதியைத் தளர்த்துவதும் இல்லை. விண்ணப்பிப்பவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவராக, 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். அவர் பெயரிலோ, கணவர் அல்லது மனைவி பெயரிலோ, வயது வராத பிள்ளைகள் பெயரிலோ வீடு மனை இருக்கக் கூடாது என்ற பொது விதிகள் முன்னாள் வீரருக்கும் பொருந்தும். ஆகையால் உங்கள் தாயார் ஊரிலுள்ள நத்தம் இடத்தைத் தம் பெயருக்கு மாற்றுவதற்கும், வாரிய மனைக்கு விண்ணப்பிப்பதற்கும் இடையே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் போனால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும்.

கிராமப்புறத் திட்டத்தின் கதை வேறு. 1985-இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் முதலில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்கானது. 1995-96 வாக்கில் அது விரிவாக்கப்பட்டபோது, போரில் உயிரிழந்த படைவீரர்களின் மனைவியரும் நெருங்கிய உறவினரும் வருமான வரம்பு பாராமல் சேர்க்கப்பட்டார்கள். மற்ற தகுதிகள் உடைய முன்னாள் படைவீரர்களும், ஓய்வு பெற்ற துணை இராணுவத்தினரும் சேர்க்கப்பட்டார்கள். 2011-இல் தமிழக அரசு கொண்டுவந்த சூரிய ஒளி பசுமை வீடுகள் திட்டத்திலும் முன்னுரிமைப் பட்டியலில் முன்னாள் படைவீரர் என்ற சொல் இருந்தது. 300 சதுர அடியில் கட்டப்பட்ட அந்த வீடுகளில் நம் பக்கத்து முன்னாள் வீரர்கள் சிலர் இன்றும் வசிக்கிறார்கள். உங்கள் தந்தையின் நண்பர்கள் மனத்தில் இருப்பது அந்தக் காலம்.

2016-இல் பிரதமர் ஊரக வீட்டுத் திட்டம் வந்தபோது நிலைமை மாறிவிட்டது. இதில் பயனாளிகளை 2011-ஆம் ஆண்டின் சமூக பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்தும், பின்னர் நடந்த கூடுதல் கணக்கெடுப்புகளிலிருந்தும் எடுக்கிறார்கள். வீடே இல்லாதவர், அறை இல்லாதவர், ஓர் அறை உள்ளவர் என்று வரிசைப்படுத்தி, அதற்குள் ஒவ்வொரு குடும்பத்தின் பின்தங்கிய நிலைக்கு மதிப்பெண் போடுகிறார்கள். இரண்டு குடும்பங்கள் ஒரே மதிப்பெண்ணில் நிற்கும்போது மட்டுமே, பணியில் வீரமரணம் அடைந்த பாதுகாப்புப் படை, துணை இராணுவம், காவல் துறையினரின் மனைவி அல்லது நெருங்கிய உறவினருக்கு முதலிடம் தர வேண்டும் என்று விதி சொல்கிறது. புற்றுநோயால் அல்லது தொழுநோயால் பாதிக்கப்பட்டவர் உள்ள குடும்பம், ஒரே பெண் குழந்தை உள்ள குடும்பம், திருநங்கையர் முதலியோரும் அதே இடத்தில் வருகிறார்கள். ஓய்வு பெற்று வீடு திரும்பிய சாதாரண முன்னாள் வீரரின் பெயர் இந்த வரிசையில் இல்லை. முந்தைய திட்டத்தில் இருந்த சொல் இங்கே விடுபட்டுவிட்டது.

இந்த மாற்றத்தை நான் ஏற்கவில்லை என்பதைத் தெளிவாகவே சொல்கிறேன். ஓய்வூதியம் பெறும் ஹவில்தாருக்கும் சுபேதாருக்கும் அரசு வீட்டில் முதலிடம் வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன்; அவர்களைவிட ஏழையான மீனவக் குடும்பங்கள் அதே தெருவில் இருக்கின்றன. ஆனால் பதினைந்து ஆண்டு நிறைவதற்கு முன் வெளிவந்து, ஓய்வூதியம் இல்லாமல், கருவாட்டுக் கொட்டகையில் கூலிக்குப் போகும் முன்னாள் சிப்பாய்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் அந்தச் சொல் பழைய விதியில் இருந்தது. அதை எடுத்தபோது அவர்கள்தாம் நட்டப்பட்டார்கள். ஓய்வூதியம் பெறாத முன்னாள் படைவீரர் என்ற பிரிவையாவது அந்த முன்னுரிமை வரிசையில் மீண்டும் சேர்க்க வேண்டும்.

இனி ஊராட்சியில் சொன்னதற்கு வருகிறேன். பிரதமர் திட்டத்தில் விலக்குவதற்கான நிபந்தனைகள் சில உண்டு. குடும்பத்தில் எவரேனும் அரசு ஊழியராக இருந்தால் அந்தக் குடும்பம் விலக்கப்படும். குடும்பத்தில் ஒருவருடைய மாத வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினாலும் விலக்கப்படும். அந்த வரம்பு முன்பு 10,000 ரூபாயாக இருந்து, 2024-இல் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில் நம் கரைக்கு மிகவும் வேண்டிய மாற்றம் ஒன்றும் வந்தது. இயந்திரம் பொருத்திய மீன்பிடிப் படகு, இரு சக்கர வாகனம் ஆகியவை இருந்தாலே தகுதி இல்லை என்ற பழைய நிபந்தனை நீக்கப்பட்டது. படகு வைத்திருந்த காரணத்துக்காக முன்பு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்கள் மறுபடியும் கேட்க இடம் இருக்கிறது.

ஓய்வூதியத்தைப் பொறுத்தவரை, கணக்கெடுக்க வருபவர்கள் அதையும் வருமானமாகவே எழுதிக்கொள்கிறார்கள். மத்திய அரசின் குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியம் ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் 9,000 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. அதன் மேல் அகவிலை நிவாரணம் ஆண்டுக்கு இருமுறை ஏறுகிறது. வரம்பு மட்டும் அப்படி ஆண்டுதோறும் ஏறுவதில்லை. அரிசி விலையும் எண்ணெய் விலையும் ஏறியதற்கு ஈடாகக் கொடுக்கும் தொகையே ஒரு தாயை வீட்டுப் பட்டியலிலிருந்து வெளியே தள்ளிவிடுகிறது. உங்கள் தாயாரின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் வரும் தொகை எவ்வளவு என்று முதலில் பாருங்கள். நாயக் பதவியில் பதினேழு ஆண்டு என்றால், அது 15,000-ஐத் தாண்டியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

உங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய தடை தம்பியின் வேலை. அவர் பெயர் தாயாரின் குடும்ப அட்டையில் இருந்தால், அது அரசு ஊழியர் உள்ள குடும்பமாகிவிடும். திருமணமாகி, வேறிடத்தில் தனிக்குடும்பமாக அவர் வாழ்கிறார் என்றால், அந்த உண்மையைக் காட்டும் வகையில் அட்டையில் பெயர் நீக்கிக்கொள்வது முறைதான். ஆனால் வீட்டுக்காக மட்டும் பெயரை வெட்டிவிட்டு, விடுமுறைக்கு வந்து அதே வீட்டில் இருப்பது முறையாகாது. பின்னர் புகார் வந்தால் கொடுத்த தவணையைத் திருப்பிக் கேட்பார்கள். பணியில் இருக்கும் பிள்ளைக்கும் அது கெடுதி.

தம்பியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் கரையில் இந்தக் குழப்பம் மிகுதி. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து வானூர்தித் தளம் 2009 முதல் இருக்கிறது. மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் வெள்ளைச் சீருடை. இரண்டும் பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ் வருபவை. ஆனால் முன்னாள் படைவீரர் என்ற சொல்லுக்கு அரசு கொடுத்திருக்கும் வரையறை தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றுக்கு மட்டுமே உரியது. கடலோரக் காவல்படையில் ஓய்வு பெறுபவர் அதில் அடங்க மாட்டார். எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை முதலியவற்றில் இருந்தவர்களும் அடங்க மாட்டார்கள். அவர்களுக்கு 2012 முதல் முன்னாள் மத்திய ஆயுதக் காவல் படையினர் என்ற வேறு பெயர் இருக்கிறது. 2022-க்குப் பின் அக்னிவீரராகச் சேர்ந்து நான்கு ஆண்டில் வெளிவரும் பிள்ளைகளுக்கும் இந்தத் தகுதி கிடையாது என்று அந்தத் திட்டத்தின் விதியே சொல்கிறது. நம் ஊர்களில் பெற்றோர் பலர் இதை அறியாமல் இருக்கிறார்கள். எனவே உங்கள் வீட்டில் முன்னாள் படைவீரர் உரிமை என்பது தந்தை வழியில் தாயாருக்கு வருவது மட்டுமே. தம்பி ஓய்வு பெற்ற பிறகும் அவர் பெயரால் அது வராது.

தாயாருக்கு வருவதிலும் தரம் உண்டு. வீரரின் மரணத்தை ஓய்வூதிய விதிகள் ஏ முதல் ஈ வரை ஐந்து பிரிவாக வகுத்திருக்கின்றன. பணியோடு தொடர்பில்லாத இயற்கை மரணம் ஏ பிரிவு; பயங்கரவாதிகளின் தாக்குதல் போன்றவற்றில் நேர்வது டி பிரிவு; போரில் நேர்வது ஈ பிரிவு. ஏ பிரிவுக்குச் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம், கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். பணியின் காரணமாக நேர்ந்ததற்குச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், 60 சதவீதம். போர் மரணத்துக்குத் தாராளக் குடும்ப ஓய்வூதியம், ஊதியத்துக்கு நிகரான தொகை. வீட்டுத் திட்ட விதிகளில் "வீரமரணம் அடைந்தவர்" என்று இருக்கும் இடமெல்லாம் இந்தப் பிரிவைத்தான் பார்ப்பார்கள். ஓய்வு பெற்றபின் நோயால் மறைந்தவரின் மனைவி அதில் வர மாட்டார். கேட்பதற்குக் கசப்பாக இருந்தாலும் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. யாரோ ஒருவர் "போட்டுப் பாருங்கள்" என்று சொல்லி மனுவுக்கு மேல் மனு எழுதவைத்து ஒரு தாயை அலையவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

அப்படியானால் உங்கள் தாயாருக்கு வழி இல்லையா? இருக்கிறது. பனையோலை வீடு என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இங்கே முக்கியம். தமிழக அரசு 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் குடிசையில் வாழ்வோருக்கானது. 360 சதுர அடியில் வீடு. அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. அரசு தரும் தொகை வீடொன்றுக்கு 3.50 லட்சம் ரூபாய். 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்பது இலக்கு. அங்கே முதலில் கேட்கப்படுவது குடும்பம் குடிசையில் வாழ்கிறதா, இடம் சொந்தப் பட்டாவா என்ற இரண்டும்தான். முதல் கேள்விக்கு உங்கள் கூரை பதில் சொல்லும். இரண்டாம் கேள்விக்குப் பதில் இல்லாமல்தான் நம் கரையில் பாதிப் பேர் நிற்கிறார்கள்.

நம் கரையில் நிலத்தின் வரலாறு சிக்கலானது. உள்நாட்டு ஊர்களில் வயலுக்கும் வீட்டுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பத்திரம் இருக்கும். இங்கே மணல்மேட்டில் வலை உலர்த்திய இடம் நாளடைவில் குடியிருப்பாகியிருக்கும். புயலுக்கும் கடலரிப்புக்கும் தப்பி ஊரே நகர்ந்து குடியேறிய இடங்களும் உண்டு. 1964 டிசம்பர் புயலுக்குப் பின் தனுஷ்கோடியிலிருந்து வந்தவர்களின் வழி இன்றும் இந்தக் கரையில் இருக்கிறது. அதனால் ஒரே தெருவில் ஒரு வீடு நத்தம், அடுத்தது புறம்போக்கு, அதற்கடுத்தது யார் பெயரிலோ உள்ள பழைய பட்டா என்று கிடக்கும். வீட்டு வரி ரசீதும் மின் கட்டண ரசீதும் அனுபவத்தைக் காட்டுமேயன்றி உரிமையைக் காட்டா.

உங்கள் இடம் நத்தம் என்பது நல்ல செய்தி. பாட்டனார் பெயரில் இருப்பது தோராயப் பட்டாவா (தற்காலிகமானது), தூய பட்டாவா (இறுதியானது) என்று முதலில் பாருங்கள். அதன் பிறகு பாட்டனாருக்கும் தந்தைக்கும் தனித்தனியாக வாரிசுச் சான்று வாங்க வேண்டும். தந்தையோடு பிறந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் அந்த இடத்தில் பங்கு உண்டு. அத்தைமாருக்கும் உண்டு என்பதை நம் பக்கத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள். அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தந்தாலோ, பாகப்பிரிவினை செய்துகொண்டாலோ, வீடு இருக்கும் பகுதியை உட்பிரிவு செய்து தாயார் பெயரில் தனிப் பட்டா பெற முடியும். இதற்கு உறவில் பேச்சு வேண்டும், பொறுமை வேண்டும். வீட்டு ஆணை வந்த பிறகு இதைத் தொடங்கினால் கெடு முடிந்துவிடும். ஆணை வருவதற்கு முன்பே பட்டா கையில் இருக்க வேண்டும்.

இடமே இல்லாத குடும்பங்களுக்கு, வருவாய் வாரிய நிலையாணை 21-இன்கீழ் வீட்டுமனை ஒப்படை கேட்கும் வழி இருக்கிறது. கிராமத்தில் மூன்று சென்ட் வரை தருவார்கள். ஆட்சேபணையற்ற புறம்போக்கில் நெடுநாளாக வாழ்பவர்களின் குடியிருப்பை வரன்முறைப்படுத்தும்படியும் கேட்கலாம். ஆனால் கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்ற எல்லையை இங்கே மறக்கக் கூடாது. 2011-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை. 100 முதல் 200 மீட்டர் வரையுள்ள பகுதியில், மீனவர் உள்ளிட்ட மரபார்ந்த கடலோரச் சமூகத்தாரின் குடியிருப்புகளுக்கு மட்டும் அனுமதி பெற்றுக் கட்டிக்கொள்ள இடமுண்டு. 2019-இல் வந்த அறிவிக்கை மக்கள் நெருக்கமான ஊர்களுக்குத் தடைப் பகுதியை 50 மீட்டராகக் குறைக்கிறது. ஆனால் புதிய வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகே அது ஒரு கரைக்குச் செல்லுபடியாகும். உங்கள் வீட்டிலிருந்து அலை ஏறும் கோடு எவ்வளவு தூரம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடித்தளம் போட்ட பிறகு நிறுத்தப்பட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

பட்டாவுக்கு அடுத்தது படை ஆவணங்கள். சில ஆண்டுகளுக்கு முன் வாலிநோக்கம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தை (படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் பணிப் பதிவு) ஜவுளிக்கடைப் பையில் சுற்றி, அதை அரிசிப் பானைக்குள் வைத்துப் பாதுகாத்திருந்தார். உப்புக் காற்றில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. விரல் நகத்தால் மெல்லப் பிரித்தேன். மனைவி பெயர் எழுதிய பக்கத்தில், அந்தப் பெயரை வடநாட்டு எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். கடைசியில் வரவேண்டிய ஓர் எழுத்து இல்லை. ஆதாரில் அந்த எழுத்து இருந்தது. அந்த ஒரு எழுத்துக்காக அவருக்குச் சான்று தர மறுத்துவிட்டார்கள். உறுதிமொழிப் பத்திரம் எழுதி, முறைப்படி விண்ணப்பித்து, படையின் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசிலிருந்து திருத்த ஆணை வருவதற்குள் பதினான்கு மாதம் ஓடிவிட்டது. அவர் விண்ணப்பிக்க நினைத்த மனைகளின் குலுக்கல் அதற்குள் முடிந்துபோயிற்று. அந்த அம்மா கோபப்படவில்லை. "எழுதினவுகளுக்கு நம்ம பேரு தெரியாதுல்ல அண்ணே" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது பெயரின் எழுத்தைத்தான்.

உங்கள் தந்தை மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்பதால் அவருடைய பதிவுகள் நீலகிரி வெலிங்டனில் இருக்கும். டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, தாயாரின் ஆதார், குடும்ப அட்டை, திருமணத்தைப் பதிந்து படைப்பிரிவு வெளியிட்ட பார்ட் டூ ஆர்டர் ஆகிய ஐந்தையும் அருகருகே வைத்து, பெயர், பிறந்த தேதி, முதலெழுத்து மூன்றையும் ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் இப்போதே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகத் திருத்தம் கேளுங்கள். மறைந்த வீரரின் மனைவி என்ற அடையாள அட்டையைத் தாயார் இதுவரை வாங்கவில்லை என்றால், அதே அலுவலகத்தில் பதிந்து வாங்க வேண்டும். தந்தையின் அட்டையை வைத்துக்கொண்டு பலர் காலம் தள்ளுகிறார்கள். வாரியத்தின் விண்ணப்பத்துக்கு அது உதவாது. ஒவ்வொரு திட்டத்தின் அறிவிப்பிலும் நம் பிரிவுக்கு எதிரே எழுதியிருக்கும் சொற்களை வரி விடாமல் படித்து, அது கேட்கும் சான்றை அந்தத் தேதிக்கு முன் இணைக்க வேண்டும்.

வேறு சில வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இராணுவ நல வீட்டுவசதி நிறுவனம் 1978 முதலும், விமானப்படைக்கும் கடற்படைக்குமான வீட்டுவசதி வாரியம் 1980 முதலும் இயங்குகின்றன. அவை இலாப நோக்கமின்றி அடக்க விலைக்கு அடுக்குமாடி வீடுகள் கட்டித் தருகின்றன. வீரர்களின் மனைவியரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அவை சென்னை, கோயம்புத்தூர் போன்ற பெருநகரங்களை நோக்கியவை. பனையோலை வீட்டிலிருக்கும் தாய்க்கு அவற்றால் பயன் குறைவு. டெல்லியிலுள்ள மத்திய படைவீரர் வாரியம் வீட்டுக் கடனுக்குக் கட்டிய வட்டியில் பாதியை, ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்டுத் திருப்பித் தருகிறது. அது போரில் அல்லது பணி காரணமாக உயிரிழந்த, ஊனமுற்ற வீரர்களின் குடும்பத்துக்கு மட்டுமே. மேலே சொன்ன பிரிவுகள் இங்கேயும் பார்க்கப்படும்.

வீடு கிடைத்தால் கட்டும்போது ஒரு கவனம் வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அரசு உதவியில் கட்டிய ஒரு முன்னாள் வீரரின் வீட்டில், கூரையின் அடிப்பக்கத்தை விரலால் தட்டினேன். உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி கம்பியாக இல்லை, செம்மண் போல உதிர்ந்தது. கலவைக்கும் நனைப்புக்கும் உப்பு நீரைப் பயன்படுத்தியிருந்தார்கள். நன்னீர் விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது என்பதற்காகக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதீர்கள். கடல்மணலைப் பூச்சுக்குக்கூட விடாதீர்கள். முன்னுரிமை ஒருமுறைதான் கிடைக்கும். இந்த வீடு விழுந்தால் மறுபடி கேட்க உங்கள் தாயாருக்கு இடம் இல்லை.

உங்கள் நிலையில் நான் எடுக்கும் வரிசை இது. வாரிய மனையை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, ஊரிலுள்ள இடத்தைத் தாயார் பெயருக்குக் கொண்டுவரும் வேலையை இந்த மாதமே தொடங்குங்கள். அத்தைமாரிடமும் சித்தப்பாமாரிடமும் தாயாரே நேரில் போய்ப் பேசட்டும். பட்டா மாற்ற மனுவை இ-சேவை மையத்தில் போட்டு ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். குடிசைக் கணக்கெடுப்புப் பட்டியலில் உங்கள் வீடு இருக்கிறதா என்று ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த கிராம சபையில் கேட்டுத் தீர்மானத்தில் பதியவையுங்கள். தமிழ்நாட்டில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அங்கே முன்னாள் படைவீரரின் மனைவி என்பதை முதல் வரியிலும், பனையோலைக் கூரை என்பதை இரண்டாம் வரியிலும் எழுதிக் கொடுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென்று தனியே நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு, அந்த மனுவின் நகலோடு தாயார் ஒருமுறை போய்வர வேண்டும்.

தாயாரின் ஓய்வூதிய ஆணையில் தந்தையின் மரணத்துக்கு எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது, மாதம் என்ன தொகை வருகிறது, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் தாயார் பெயர் எந்த எழுத்துகளில் இருக்கிறது ஆகிய மூன்றையும் எழுதி அனுப்புங்கள். பெயரில் வேறுபாடு இருந்தால் வெலிங்டனுக்கான விண்ணப்பத்தை நானே எழுதித் தருகிறேன்.